பற்றுதலும் விளங்குதலும்

ஆங்கிலத்தில் ‘கிராஸ்ப்’ என்றொரு வினைச்சொல் உண்டு. கயிற்றை இறுகப் பிடிப்பதற்கும் அச்சொல்லே வழங்கும். ஒரு கணக்கின் வழிமுறையை அறிந்துகொள்வதற்கும் அச்சொல்லே வழங்கும். அகராதியைத் திறக்கும் மாணவனுக்குப் பற்று, பிடி, கைக்கொள், புரிந்துகொள், உணர் எனத் தமிழ்ச் சொற்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. அவற்றுள் எதனை எவ்விடத்தில் ஆள்வது என்பதை அகராதி சொல்வதில்லை. மலாக்கா மாநிலத்தில் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் முதலிய ஊர்களில் பயிலும் தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழ், மலாய், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளையும் நாள்தோறும் கையாள்கின்றனர். ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் சொல்லால் ஈடுகட்டும் வேலை அவர்கள் தலையில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இவ்வொரு வினையை எடுத்துக்கொண்டு, தமிழ் அதனை எவ்வாறு பகுத்து வழங்குகிறது என்பதை இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம். சொல்லாராய்ச்சியாகத் தொடங்கும் இது, ஒரு பிள்ளைக்குப் பாடம் விளங்கியதா என்பதை நாம் எவ்வாறு அறிவது என்னும் கேள்வியில் சென்று முடியும்.

கையிலிருந்து அறிவுக்கு

கையால் பிடிக்கும் செயலைக் கொண்டு அறிவின் செயலைக் கூறுவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. ‘காம்பிரிஹெண்ட்’, ‘அப்ரிஹெண்ட்’ என்னும் ஆங்கிலச் சொற்கள், பிடித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. இவற்றுள் இரண்டாவது சொல் மூன்று தொழில் பார்க்கிறது: காவலர் ஒருவரைக் கைது செய்வதும் அது, கருத்தொன்றை உணர்வதும் அது, வரப்போவதை எண்ணி அஞ்சுவதும் அது. ஜெர்மானிய மொழியில் ‘கிரைஃபன்’ என்றால் பிடித்தல். அதனோடு ஒரு முன்னொட்டுச் சேர்ந்து ‘பெகிரைஃபன்’ ஆனால் அறிந்துகொள்ளுதல். வடமொழியில் பற்றுதலைக் குறிக்கும் வேர் தமிழில் ‘கிரகித்தல்’ என்று வந்து வழங்குகிறது. ஞாயிற்றையும் திங்களையும் நிழல் பற்றுவதாகக் கருதிய ‘கிரகணம்’ என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்து பிறந்ததே.

மலாய் மொழியிலும் இதற்கு இணை உண்டு. ‘தங்காப்’ என்றால் பிடித்தல்; திருடனைப் பிடிப்பதும் அதுவே, பேச்சின் பொருளைப் பிடித்துக்கொள்வதும் அதுவே. ‘டாயா தங்காப்’ என்பது ஒருவருடைய கிரகிக்கும் ஆற்றல். ‘பெகாங்’ என்றால் கையில் வைத்துப் பிடித்தல். அதிலிருந்து பிறந்த ‘பெகாஙான்’ ஒருவர் வாழ்வில் உறுதியாகக் கொண்ட நெறியைக் குறிக்கும். தமிழில் ‘கொள்’ என்னும் வினையிலிருந்து ‘கொள்கை’ பிறந்ததையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயினும், விளங்குதலைக் கூற மலாய் மக்கள் மிகுதியாக ஆளும் ‘பஹாம்’ அரபுமொழியிலிருந்து வந்தது. ‘மெஙெர்த்தி’ என்னும் சொல்லின் அடியாகிய ‘எர்த்தி’யோ நாம் ‘அர்த்தம்’ என்று வழங்கும் வடசொல்லின் உறவு. மூன்று மொழி கற்கும் பிள்ளைக்கு இவ்வுறவுகளைக் காட்டினால், சொற்கள் தனித்தனித் தீவுகளாக நில்லாமல் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

தமிழின் பிடிவினைகள்

கையால் கொள்ளும் செயலுக்குத் தமிழில் சொல் மிகுதி. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு. ‘பிடி’ பொதுச்சொல், ஓடுவதை நிறுத்துவதும் நிற்பதைத் தாங்குவதும் அதில் அடங்கும். ‘பற்று’ என்பது விடாமல் ஒட்டிக்கொள்ளுதல். ‘கவ்வு’ வாயின் செயல். ‘ஏந்து’ என்பது விரித்த கையில் வருவதை வாங்கிக்கொள்ளுதல். ‘பறி’ என்றால் பிறர் கையிலிருந்து வலிந்து எடுத்தல். சட்டத்தின் பெயரால் அது நிகழும்போது ‘பறிமுதல்’ ஆகிறது. பிறருடைய உடைமையையோ ஆட்சியையோ தனதாக்கிக்கொள்வது ‘கைப்பற்றுதல்’. மலாக்காவின் வரலாற்றைத் தமிழில் எழுதும் எவரும் இச்சொல்லை மீண்டும் மீண்டும் ஆள நேரும்: 1511இல் போர்த்துக்கீசியர் இந்நகரைக் கைப்பற்றினர், 1641இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர், 1795இல் ஆங்கிலேயர் வந்தனர், 1942இல் சப்பானியர் கைப்பற்றினர்.

இவ்வினைகளுள் ‘பற்று’ தனிச்சிறப்புடையது. அது பெயராகும்போது அன்பைக் குறிக்கும்: மொழிப்பற்று, நாட்டுப்பற்று. கணக்கேட்டில் அதுவே கடனைக் குறிக்கும்: பற்று வரவு. தோலின்மேல் பூசும் மருந்தும் பற்றுத்தான். பேச்சில் அதனைப் ‘பத்துப் போடுதல்’ என்கிறோம். ‘மொழியைப் பற்றிப் பேசினார்’ என்னும் தொடரில் வரும் ‘பற்றி’ என்னும் சொல்லுருபும் இவ்வினையிலிருந்தே வந்தது. ஒன்றைப் பற்றிப் பேசுதல் என்றால், அதனை விடாமல் பிடித்துக்கொண்டு பேசுதல் என்பதே அதன் அடிப்பொருள். திருக்குறளின் 350ஆம் குறளில் இச்சொல் ஆறு முறை வருகிறது. பற்றை விடுவதற்கும் ஒரு பற்று வேண்டும் என்பது அக்குறளின் கருத்து.

பற்று எத்துணை வலிமையுடையது என்பதற்கு இம்மாநிலத்திலேயே சான்று உண்டு. மலாக்காச் செட்டிகள் என்று அறியப்படும் சமூகத்தார், சுல்தான்களின் காலத்தில் இங்கு வணிகம் செய்த தமிழரின் வழிவந்தோர். தலைமுறைகள் கடந்தபின் அவர்களுடைய வீட்டுமொழி மலாய் ஆயிற்று. ஆயினும் சைவ வழிபாட்டை அவர்கள் கைவிடவில்லை. ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் பொற்கொல்லர் தெருவில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அச்சமூகத்தோடு தொடர்புடைய கோயில். சொல் நழுவிய பின்னும் பற்று நிலைக்கக்கூடும் என்பதற்கு அவர்களே எடுத்துக்காட்டு.

தோட்டத்தில் ‘பிடி’

1896இல் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் அமைத்தார். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழிலின் தொடக்கம் இம்மாநிலத்தில்தான். அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஊருக்குச் சென்று ஆள் திரட்டிய கங்காணியின் வேலைக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஆள் பிடித்தல்’. கங்காணி தந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. உடலைப் பிடிக்கும் சொல்லும் கடனை எழுதும் சொல்லும் ஒன்றோடொன்று இணைந்து நின்ற காலம் அது. ஆள் பிடித்தல் என்னும் தொடர் பின்னொரு முறை இன்னும் கொடிய பொருளில் வழங்கியது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சப்பானியர் அமைத்த இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. ஆகவே, ‘கிராஸ்ப்’ என்பதற்கு நேராகப் ‘பிடி’ என்று எழுதும்போது, இம்மண்ணில் அச்சொல் சுமந்த சுமையையும் நாம் அறிந்திருத்தல் நன்று.

அதே தோட்டத்தில் ‘பிடி’க்கு வேறொரு முகமும் உண்டு. காலையில் பெரட்டு முடிந்ததும் தொழிலாளர் வெட்டுக்காட்டில் நிரை பிடித்தனர். அஃதாவது, தத்தமக்குரிய மரவரிசையை ஏற்றுக்கொண்டனர். பால்வெட்டுக்குக் கத்தி பிடிக்கப் பழகினர். பட்டையை ஒரு முறைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே, அல்லது அதனினும் சற்றே கூடச் சீவவேண்டும். ஆழம் குறைந்தால் பால் நன்கு வடியாது; ஆழம் மிகுந்தால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். எவ்வளவு ஆழம் என்பதை வாயால் சொல்லிக்கொடுக்க இயலாது. பலநாள் பழகியபின் அது கைக்குத் தெரிந்துவிடும். ‘கைவந்த கலை’ என்றும் ‘கைவரப்பெற்றவர்’ என்றும் தமிழ் கூறுவது இத்தகைய அறிவையே. பிடித்தலும் அறிதலும் இங்கு ஒரே செயலாகின்றன. ஆங்கிலச் சொல்லின் இரு பொருளும் முழுமையாகப் பொருந்தும் இடம் இதுவே எனலாம்.

எழுவாயும் நான்காம் வேற்றுமையும்

இனி அறிதலைக் குறிக்கும் வினைகளுக்கு வருவோம். ‘நான் கயிற்றைப் பற்றினேன்’ என்னும் தொடரில் ‘நான்’ எழுவாய். செயலைச் செய்பவன் நான். ‘எனக்குப் பொருள் விளங்கிற்று’ என்னும் தொடரிலோ எழுவாய் ‘பொருள்’. நான் நான்காம் வேற்றுமை ஏற்று, விளங்கும் பொருளைப் பெறுபவனாக நிற்கிறேன். புரிந்தது, தெரிந்தது, பிடிபட்டது என்பனவும் இவ்வாறே ‘எனக்கு’ என்பதை வேண்டுகின்றன. அறி, உணர் என்பவை மட்டும் ‘நான் அறிவேன்’, ‘நான் உணர்ந்தேன்’ என எழுவாயை ஏற்று வருகின்றன. ஆங்கிலத்தில் அறிவை மனிதன் எட்டிப் பிடிக்கிறான். தமிழின் அன்றாட வழக்கில் அறிவு மனிதனிடம் வந்து சேர்கிறது.

வேற்றுமை மாறினால் பொருள் எவ்வளவு மாறும் என்பதற்குப் ‘பிடி’ என்னும் வினையே நல்ல சான்று. ‘நான் மீனைப் பிடித்தேன்’ என்பது கையின் செயல். ‘எனக்கு மீன் பிடிக்கும்’ என்பது விருப்பம். மனிதன் எழுவாயாக நிற்கும்போது கைப்பற்றுதலாக இருந்த வினை, அவன் நான்காம் வேற்றுமையில் நிற்கும்போது நேசமாகிறது.

மலேசியத் தமிழர் பேச்சில் ‘வெளங்குதா?’ என்னும் கேள்வியை எங்கும் கேட்கலாம். தமிழ்நாட்டில் ‘புரியுதா?’ என்பது மிகுதி. இரண்டும் நல்ல தமிழே; ஆனால் வந்த வழி வேறு. ‘புரி’ என்பதற்குப் பழைய இலக்கியத்தில் செய்தல், விரும்புதல், முறுக்குதல் என்னும் பொருள்கள் உண்டு. நூலின் இழையும் புரிதான். ‘விளங்கு’ என்பதற்கு ஒளிர்தல் என்பது முதற்பொருள். வீட்டில் ஏற்றும் விளக்கு, பாத்திரம் விளக்குதல், பல் விளக்குதல், விளக்குமாறு ஆகிய அனைத்தும் இவ்வொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அழுக்கு நீங்கினால் பாத்திரம் தானே மின்னும்; ஐயம் நீங்கினால் பொருள் தானே தோன்றும். வாழ்வில் செழித்து ஓங்குவதற்கும் இச்சொல்லே உரியது. ‘விளங்காதவன்’ என்று பெரியோர் ஏசும்போது, அவன் பாடம் அறியாதவன் என்று கூறுவதில்லை. வாழ்வில் தழைக்கமாட்டான் என்றே கூறுகின்றனர்.

இவ்வினைகளுக்குள் இன்னொரு நுட்பமும் அடங்கியுள்ளது. ‘பற்று’ என்று ஒருவரை ஏவலாம். ‘பிடி’ என்றும் ஏவலாம். அறிந்துகொள் என்னும் கருத்தில் ‘விளங்கு’ என்று எவரையும் ஏவ இயலாது. ‘விளங்கிக்கொள்’, ‘புரிந்துகொள்’ என்றே சொல்ல இயலும். ‘கொள்’ என்னும் துணைவினை வந்து சேர்ந்தபின்னரே ஏவல் பிறக்கிறது. கொள்ளுதலோ மாணவன் தன் விருப்பத்தோடு செய்யவேண்டிய செயல். ஆசிரியர் பிள்ளையைப் பாடத்தைப் பிடித்துக்கொள்ளச் செய்யலாம், மனப்பாடம் செய்யச் சொல்லலாம், ஒப்பிக்கச் செய்யலாம். விளங்குமாறு கட்டளையிட அவருக்கு மொழி இடந்தரவில்லை.

நன்னூலார் பகுத்த பங்கு

அவ்வாறாயின், பற்றுதலை அறிவின் வினையாகத் தமிழ் ஏற்கவே இல்லையோ என்று ஐயுறலாம். ஏற்றிருக்கிறது; ஆனால் ஓர் அளவோடு ஏற்றிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், பாடம் கேட்கும் முறை விரித்துரைக்கப்படுகிறது. பாடம் ஏற்றலை நன்னூலார் ‘கோடல்’, அஃதாவது கொள்ளுதல், என்கிறார். ஆசிரியர் உரைத்ததை மாணவன் செவ்வையாகக் கொண்டாலும், அவனுக்கு வாய்ப்பது புலமையில் கால் பங்கே என்று கூறும் இடத்தில் ‘பற்று’ என்னும் வினையையே ஆள்கிறார். உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வாய்க்கும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு நன்கு எடுத்துரைப்பதால் வாய்க்கும். இஃது அவர் வகுத்த கணக்கு.

அதே பாயிரம் மாணாக்கரின் இயல்பை உவமைகளால் பகுக்கிறது. அன்னமும் பசுவும் முதன்மாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்க்கு. கிளி தான் கேட்டதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அதனை நன்னூலார் கடையரோடு சேர்க்கவில்லை, முதல்வரோடும் சேர்க்கவில்லை. பற்றுதலின் தகுதியும் எல்லையும் இவ்வொரு வைப்புமுறையில் தெளிவாகின்றன.

மக்கள் வழக்கும் இதனை உணர்ந்திருக்கிறது. கற்பூரப் புத்தி, கரிப் புத்தி, வாழைமட்டைப் புத்தி என்று மூவகை அறிவைப் பெரியோர் கூறுவர். கற்பூரத்தில் தீ உடனே பற்றும். கரியில் மெல்லப் பற்றும். வாழைமட்டையில் பற்றவே பற்றாது. இங்கும் வினை ‘பற்று’த்தான், ஆனால் பற்றுவது மாணவனின் கையன்று, அவன்மேல் வந்து படியும் தீ. கையால் பற்றிய பொருள் ஒருவனிடமே இருக்கும். தீயோ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய பின்னும் குறைவதில்லை.

மொழிபெயர்ப்போர் கருதவேண்டியவை

மேற்கூறியவற்றைக் கொண்டு, ‘கிராஸ்ப்’ என்னும் வினை வரும் இடங்களுக்கு ஏற்ற தமிழை வகுத்துக்கொள்ளலாம். கைப்பிடிக் கம்பியாயின் பற்று அல்லது பிடி. ஆசிரியர் கூறிய கருத்தாயின் உணர், விளங்கிக்கொள். புதிய தொழில்நுட்பமாயின் ‘பிடிபட்டது’ அல்லது ‘கைவந்தது’. வாய்ப்பாயின் ‘பயன்படுத்திக்கொள்’, வாய்ப்பைக் கையால் பற்றவேண்டிய தேவை தமிழுக்கு இல்லை. ஒரு துறையில் ஒருவருக்குள்ள ஆழ்ந்த அறிவாயின் ‘தேர்ச்சி’ அல்லது ‘புலமை’. கைக்கும் அறிவுக்கும் பொதுவாக ஒரு வினை வேண்டுமெனில் ‘எட்டு’ என்பது உண்டு: ‘கைக்கு எட்டவில்லை’, ‘என் அறிவுக்கு எட்டியவரை’ என இரண்டும் இயல்பான தமிழ். எல்லாவற்றையும் தனக்கே சுருட்டிக்கொள்பவனைக் குறிக்க அச்சொல் பெயரடையாக வரும்போது ‘பேராசைக்காரன்’ என்றால் போதும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஏழெட்டுத் தமிழ்ச் சொற்கள் தேவைப்படுவதைத் தமிழின் குறையாகக் கருதலாகாது. ஆங்கிலம் ஒரே பையில் இட்ட பொருள்களைத் தமிழ் தனித்தனிப் பேழைகளில் வைத்திருக்கிறது.

வகுப்பறையில் இதன் பயன்

நம் தமிழ்ப்பள்ளிகளில் ‘கருத்துணர்தல்’ என்னும் பாடப்பகுதி உண்டு. ‘பற்றுதல்’ என்றோ ‘கிரகித்தல்’ என்றோ பெயரிடாமல் ‘உணர்தல்’ என்று பெயரிட்டது நல்ல தேர்வு. 1988 முதல் நடைபெற்று வந்த ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியரே மாணவனின் நிலையை 1 முதல் 6 வரை வகுத்துக் கூறவேண்டும். அந்நிலையைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘பெங்குவாசான்’. அதன் அடி ‘குவாசா’, அஃதாவது அதிகாரம். தமிழில் அதனை ‘அடைவு’ என்கிறோம். ஒரு மொழி ஆளுதலையும் மற்றொரு மொழி சென்று சேர்தலையும் கண்முன் நிறுத்துகின்றன. பொதுத்தேர்வின் வினாத்தாள் செய்துவந்த வேலையின் பெரும்பகுதி இன்று ஆசிரியரின் செவியையும் கண்ணையும் நம்பி இருக்கிறது. எனவே, பிள்ளை பற்றியிருக்கிறதா, பிள்ளைக்கு விளங்கியிருக்கிறதா என்று பிரித்தறிவது அவருக்கு அன்றாடக் கடமையாகிவிட்டது.

‘விளங்கிற்றா?’ என்று வகுப்பை நோக்கிக் கேட்டால் ‘விளங்கிற்று’ என்றே பிள்ளைகள் ஒருமித்துச் சொல்வர். அவ்விடை எதையும் மெய்ப்பிப்பதில்லை; அது கிளியின் விடையாகவும் இருக்கலாம். தமிழ் இலக்கணமே இதற்கொரு வழி காட்டுகிறது. ‘விளங்கு’ தன்வினை, அதன் பிறவினை ‘விளக்கு’. திருந்து, திருத்து என்பதைப் போலவும், அடங்கு, அடக்கு என்பதைப் போலவும் ஓரெழுத்து மாறிய அளவில், தனக்கு நேர்ந்தது பிறர்க்குச் செய்வதாகிறது. விளங்கியவரே விளக்க இயலும். ஆகவே ‘விளங்கிற்றா?’ என்று கேட்பதைவிட ‘உன் தோழிக்கு விளக்கிச் சொல்’ என்று பணிப்பது மேல். நன்னூலார் பிறர்க்கு உரைத்தலுக்கு அரைப் பங்கு ஒதுக்கியதும் இக்கருத்திலேயே.

இது பள்ளிக்கு வெளியிலும் பொருந்தும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், குடும்பங்கள் பல பத்து பெரண்டாம், ஆயர் குரோ போன்ற தொழிற்பேட்டைகளை அண்டிய குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்தன. பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால் என்னும் சொற்கள் பாட்டிமாரின் வாயில் இன்னும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அவற்றைச் செவியால் பிடித்தும் வைத்திருக்கக்கூடும். மங்கு என்பது பால் வடியும் கிண்ணம் என்பதும், அது மலாய் மொழியின் ‘மங்கோக்’ என்னும் சொல்லோடு உறவுடையது என்பதும், விடியுமுன்பே அக்கிண்ணத்தை மரத்தில் பொருத்தியவர் தம் பாட்டியே என்பதும் அவர்களுக்கு விளங்கவேண்டும். அதற்குப் பெரியோர் விளக்கவேண்டும். கேட்ட பிள்ளைகள் தம் தம்பி தங்கையர்க்கு அவற்றைத் திரும்ப விளக்கவேண்டும். இச்சொற்களை ஏட்டில் தொகுத்து வைப்பது இன்றியமையாத பணி. ஆயினும் அது கால் பங்கே. மீதி முக்கால் பங்கு, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எடுத்துச் சொல்லவும் மற்றவர் கேட்டு மீண்டும் சொல்லவும் நிறைவேறவேண்டியது.